சேடில் பீக் ஏறப் புறப்படுமுன்

நம் தீவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் மலை என்று சொன்னால், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பார்த்து வந்த ஊட்டியையும் கொடைக்கானலையும்தான் சொல்வார்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான சிகரம் வடக்கு அந்தமானில், டிக்லிபூருக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். போய்ப் பார்த்தவர்கள் குறைவு. அண்மைக் காலமாக நம் சங்கத்து அன்பர்கள் பலர் குடும்பத்தோடு அங்கு போய்வர விரும்பி என்னிடம் விவரம் கேட்கிறார்கள். மூன்று முறை ஏறி இறங்கியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சேடில் பீக்கின் உயரம் 732 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன பெரிய மலை?" என்று கேட்பவர்கள் உண்டு. தொட்டபெட்டாவுக்கு மோட்டார் வண்டி உச்சி வரை போகிறது. சேடில் பீக்கிலோ கடல் மணலில் கால் வைத்து நடக்கத் தொடங்குகிறோம். ஆகவே 732 மீட்டரில் ஒரு மீட்டர்கூடக் குறையாமல் நம் காலால்தான் ஏறியாக வேண்டும். அதுவும் நம் தீவின் புழுக்கத்தில், மழைக்காட்டின் வேர்களையும் வழுக்குப் பாறைகளையும் மிதித்து ஏற வேண்டும். உயரம் சிறிது, உழைப்பு பெரிது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் கணக்கு

மலையேற்றம் ஒரு பகல்தான் என்றாலும் பயணத்துக்கு ஐந்து நாள் ஒதுக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் போர்ட் பிளேயரிலிருந்து டிக்லிபூர் போக அந்தமான் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு பகல் முழுவதும் போய்விடும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவா மக்களின் காப்புப் பகுதி தொடங்குகிறது. அங்கே குறித்த நேரங்களில், போலீஸ் காவலுடன், வண்டிகள் வரிசையாகத்தான் விடப்படும். நடுவில் நிறுத்துவதும், புகைப்படம் எடுப்பதும், உணவுப்பொருள் கொடுப்பதும் குற்றம். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தண்டனை உண்டு. பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அது அவர்கள் வாழும் வீடு. வேடிக்கை பார்க்கும் இடமல்ல.

முதல் நாள் சாலைப் பயணம். இரண்டாம் நாள் ஓய்வு. அன்றே வனத்துறை அனுமதியையும் வழிகாட்டியையும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மூன்றாம் நாள் ஏற்றம். நான்காம் நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மழை பெய்தால் இந்த நாளில் ஏறலாம். பெய்யாவிட்டால் ராஸ், ஸ்மித் தீவுகளைப் பார்த்து வரலாம். ஐந்தாம் நாள் திரும்புதல். கையிருப்பு நாள் இல்லாதவர்கள்தான், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மழையானால் என்ன" என்று துணிவார்கள். அந்தத் துணிவு இந்த மலைக்கு ஆகாது.

ஏற்ற காலம் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாதை சேறாகும், அட்டைகளும் பெருகும்.

நேரத்தைக் கணக்கிடும் முறை

நுழைவாயில் லாமியா விரிகுடாவில், காலிப்பூர் கடற்கரைக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து உச்சி வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பாதை முதலில் கடலோரமாகவே போகிறது. பிறகு காட்டுக்குள் திரும்பிச் செங்குத்தாக ஏறுகிறது.

எத்தனை மணி நேரமாகும்? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் 1892இல் வகுத்த ஒரு கணக்கு இன்றும் மலையேறிகளுக்குப் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நம் மலைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல். உயரத்துக்கு ஒன்றேகால் மணி. மொத்தம் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இது நல்ல பழக்கமுள்ளவர், நல்ல பாதையில் நடப்பதற்கான கணக்கு. புழுக்கத்துக்கும் வேர்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பாதியளவு கூட்டிக்கொண்டால் நாலேகால் மணி வருகிறது. இறங்குவதற்கும் மூன்றரை மணி வேண்டும். களைத்த முழங்காலுக்கு இறக்கம் எளிதல்ல.

இப்போது சூரியனைக் கணக்கில் சேர்ப்போம். இந்தியா முழுவதற்கும் ஒரே மணிதான். நாமோ அந்த மணி கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்கு வெகு கிழக்கே இருக்கிறோம். ஆதலால் ஜனவரியில் டிக்லிபூரில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அடர்ந்த காட்டுக்குள் நான்கு மணிக்கே மங்கல் கட்டிவிடும். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் இதை நம்பவே மாட்டார்கள். ஊரில் ஆறு மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள்.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி இதுதான். காலை ஆறரைக்குள் நடக்கத் தொடங்க வேண்டும். பதினொன்றரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. இந்த நேரத்தை முதல் நாள் இரவே எல்லோரும் கூடிப் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். களைப்பும் ஆசையும் சேர்ந்த நேரத்தில், மலைமேல் நின்று முடிவெடுத்தால் சரிப்படாது. உச்சியைத் தொடுவதை ஆசையாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கையில் எல்லோரும் கீழே வந்து சேர்வதுதான் திட்டம்.

கடலோரப் பகுதியில் நடப்பதால், ஓதம் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் காலிப்பூர் மீனவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடை கடலில் கலக்கும் இடங்களில் கால் நனைக்கவோ குளிக்கவோ இறங்க வேண்டாம். வடக்கு அந்தமானின் கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கோடையில் மேற்பகுதியில் நீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ப்பொட்டலம் நான்கைந்து. புளிச்சோறு, வேகவைத்த முட்டை, பேரீச்சம்பழம் போன்ற கெடாத உணவு. நல்ல பிடிப்புள்ள காலணி, முழங்கால் வரை காலுறை, முழுக்கால் சட்டை. காட்டில் குழிவிரியன் உண்டு. பாறையிலோ கிளையிலோ பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஆளுக்கொரு டார்ச் விளக்கு, ஒரு விசில். தொலைபேசியை நம்பி இருக்க வேண்டாம். எத்தனை பேர் போகிறோம், எந்த நேரத்துக்குள் திரும்புவோம் என்று எழுதி, தங்கும் விடுதியிலும் ஊரில் ஒருவரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் எதையும் மேலே விட்டு வரக் கூடாது. இது 1979 முதல் தேசியப் பூங்கா. இந்த மலையில் பிறக்கும் கல்போங் ஆற்று நீரில்தான், 2001 முதல், தீவுகளின் முதல் நீர்மின் நிலையம் 5.25 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கியது.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தைச் சிலர் வீண் செலவு என்கிறார்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத் தீயை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மகிழ்ச்சியாகப் புறப்பட்டுச் சென்ற குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. நம் காடு ஈரக்காடு; ஆபத்தின் வகை வேறு. ஆனாலும் அனுமதி, பெயர்ப்பதிவு, பாதை அறிந்த ஆள் என்ற மூன்றும் எந்த மலைக்கும் பொது. காயம்பட்ட ஒருவரைச் சேடில் பீக்கிலிருந்து தோளில் சுமந்துதான் இறக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பயிற்சி எங்கே?

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே நடைப்பழக்கம் வேண்டும். போர்ட் பிளேயர்வாசிகளுக்குப் பக்கத்திலேயே மவுண்ட் ஹாரியட் இருக்கிறது. 2021இல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிட்டார்கள். சேடில் பீக்கின் ஏறத்தாழ பாதி உயரம். பாம்பூ ஃபிளாட்டுக்குப் படகில் போய், அங்கிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி இறங்கலாம். 1872இல் வைஸ்ராய் மேயோ பிரபு சூரியன் மறைவதைப் பார்க்க ஏறியதும் இந்த மலைதான். இறங்கி வந்தபோது இருட்டிவிட்டது. ஹோப் டவுன் படகுத் துறையில் ஷேர் அலியின் கத்திக்கு இரையானார். நாம் பகலிலேயே இறங்கிவிடுவோம்!

சுமையோடு நான்கு ஞாயிறு இங்கே ஏறி இறங்கியவருக்குச் சேடில் பீக் கைகூடும். முழங்கால் வலி, இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். பெரியவர்கள் லாமியா விரிகுடா வரை வந்து கடற்காற்று வாங்கிக் காத்திருந்தாலும் அதுவும் பயணம்தான்.

நம் இளைஞர்கள் சிலர் அடுத்ததாக இமயமலையின் ஹர் கி தூன் பள்ளத்தாக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். நல்ல ஆசை. அது 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் வாழும் நமக்கு 2,500 மீட்டருக்கு மேல் காற்றின் மென்மையே நோய் தரலாம். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது அங்கே கூடுதல் விதி. மற்றபடி கையிருப்பு நாளும், திரும்பும் நேரமும், கூட வருபவரில் மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகம் என்பதும் இங்கே கற்று அங்கே கொண்டுபோக வேண்டியவை.

வரும் ஜனவரியில் புறப்பட எண்ணும் குடும்பங்கள் நவம்பரிலேயே நடக்கத் தொடங்கிவிடுங்கள். சென்று வென்று, பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.