கணிப்பொறி அடிக்கடி நின்றுபோவது ஏன்?

ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடும்பம் நடத்தும் நமக்கு, வீட்டுக் கணிப்பொறி வெறும் பொறியன்று. ஊர்த் திருமணங்களின் படங்களும், குழந்தைகளின் பாடங்களும், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகளும் அதனுள்ளேதான் இருக்கின்றன. அது நாள்தோறும் திடீரென நின்றுபோகுமாயின் மனம் கலங்குவது இயல்பே.

டில்லியில் எங்கள் இல்லத்தில் ஒரு வைகாசி மாதத்தில் இது நேர்ந்தது. பழுதுபார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் நோக்கிவிட்டு, "எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்றார். எங்கள் பாட்டியார் பாடிய தாலாட்டு அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. சற்றுப் பொறுக்குமாறு வேண்டினோம். பொறுத்ததே நன்றாயிற்று, ஏனெனில், குற்றம் விண்டோஸினுடையதன்று.

எனவே, முதற்கண் செய்யத்தக்கது பிரதி எடுத்தலே. ஹார்ட் டிஸ்க் பழுதாகி வருமாயின், ஒவ்வொரு முறை இயக்குவதும் அதற்குக் கேடு. கோப்புகள் மிகத் தாமதமாகத் திறத்தலும், வட்டிலிருந்து 'டக், டக்' என்னும் ஒலி எழுதலும் அதன் அறிகுறிகள். பொறி நிலைத்து ஓடாவிடில், வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்தும் பிரதி எடுக்கலாம்.

அதன்பின், பொறி எப்போது, எவ்வாறு நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துவர வேண்டும். இதற்குச் செலவேதுமில்லை, ஆயினும் பெரும்பாலோர் செய்வதில்லை. எங்கள் தாளில் இருவகை நிறுத்தங்கள் இருந்தன. பிற்பகலில், அரை மணி நேரம் உழைத்தபின், திரை சொல்லாமல் இருண்டது ஒன்று. எவ்வேளையிலும் நீலத்திரை தோன்றியது மற்றொன்று.

சொல்லாமல் இருளுவது பெரும்பாலும் உஷ்ணத்தாலோ மின்சாரத்தாலோ ஆகும். பிராசஸர் ஏறத்தாழ 100 டிகிரி வெப்பத்தை எட்டினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதெனில், கருகிவிடாமலிருக்கப் பொறி அணைந்துவிடும். டில்லிக் கோடையில் அறையே 40 டிகிரியைத் தொடும். 'ஆந்தி' எனப்படும் புழுதிக் காற்று வேறு. பெட்டியைத் திறந்தபோது, பிராசஸரின் மேலுள்ள உலோகத் தகடுகளின் இடையே தூசு கம்பளம்போல் படிந்திருந்தது. மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் துப்புரவு செய்தோம். பிராசஸருக்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள பசையும் உலர்ந்திருந்தது, புதிதாக இட்டோம். இருளுதல் அன்றோடு நின்றது.

குளிர்பதனப் பெட்டியோ ஏர் கூலரோ ஓடத் தொடங்கும் கணத்தில் பொறி அணையுமாயின், குற்றம் மின்சாரத்திலோ, பழைய யு.பி.எஸ். பாட்டரியிலோ இருக்கலாம். பொறியின் உள்ளேயிருக்கும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கலாகாது; இணைப்பை நீக்கிய பின்னரும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஆனால், நீலத்திரை நிற்கவில்லை. அதைப் பலர் வெறுக்கின்றனர். உண்மையில் அது ஒரு காவலே. ரேம் என்னும் நினைவகத்தில் ஒரு சிறு அறை பழுதானால், அங்கு வைத்த 0 என்னும் இலக்கம் 1 ஆக மாறிவிடக்கூடும். கணக்கில் ஒவ்வாமை கண்ட விண்டோஸ், தவறான விவரத்தை வட்டில் எழுதிவிடாமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரையின் அடியில் தோன்றும் குறிச்சொல்லை எழுதிவைத்தல் நலம். எப்போதும் ஒரே குறி வருமாயின், அண்மையில் ஏற்றிய மென்பொருளையோ, பிரிண்டர் முதலியவற்றின் டிரைவரையோ நீக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறி வருமாயின், ரேமின்மீது ஐயம் கொள்ளலாம்.

எங்களுக்கு வந்தவை வெவ்வேறு குறிகள். விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை இரவில் ஓடவிட்டோம். பிழை இருப்பதாகக் காலையில் தெரிவித்தது. பொறியில் இரு ரேம் பட்டைகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றால் ஒரு வாரம் ஓட்டினோம். பின்னர் மாற்றி ஓட்டினோம். இரண்டாம் வாரத்தில் மறுநாளே நீலத்திரை தோன்றிற்று. குற்றவாளி அகப்பட்டது.

இப்போது ஒற்றைப் பட்டையால் பொறி சற்று மெதுவாகவே ஓடுகிறது, ஆனால் நிற்பதில்லை. தாலாட்டின் பிரதி ஒன்று மதுரையில் எங்கள் தம்பியின் இல்லத்தில் இருக்கிறது.