காசெல்லாம் ஸ்பீக்கருக்கு... பேஸ் மட்டும் பெட்டியின் கையில்! கார் சப்வூஃபர் பாக்ஸ் கணக்கு

சிக்னலில் ஒரு கார் வந்து நிற்கிறது. உள்ளே பாட்டு ஓடுகிறது. ஆனால், வெளியே கேட்பது பாட்டு அல்ல. நம்பர் பிளேட் நடுங்கும் சத்தம். 12 இன்ச் சப்வூஃபர், பெரிய ஆம்ப்ளிஃபயர் எனப் பல ஆயிரம் செலவழித்தும், பேஸ் ஏன் ஒரே 'டொம்' என்று மொத்தையாக விழுகிறது?

பல நேரங்களில் தவறு ஸ்பீக்கரில் இருக்காது. டிக்கியில் அது உட்கார்ந்திருக்கும் மரப்பெட்டியில்தான் இருக்கும்.

பாட்டில் சொல்லும் பாடம்

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சத்தம் எழும். கழுத்தில் இருக்கும் காற்று முன்னும் பின்னும் அசைய, உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அதைத் தள்ளி இழுக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த இந்த அதிர்வுதான் 'போர்ட்' வைத்த பெட்டியிலும் வேலை செய்கிறது. பாட்டில் கழுத்துக்குப் பதிலாக இங்கே ஒரு குழாய்.

முழுக்க மூடிய பெட்டியில், ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் உள்ளேயே அடங்கிவிடும். குழாய் வைத்தால் அதுவும் வெளியே வந்து பேஸுக்குத் தோள் கொடுக்கும். அதே ஆம்ப்ளிஃபயரில் கூடுதல் பேஸ் கிடைப்பது இப்படித்தான். ஆனால், பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

இந்தப் பொருத்தத்தை முறையான கணக்காக்கியவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல். 1961-ல் அவர் வெளியிட்ட ஆய்வை, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். சப்வூஃபருடன் வரும் தாளில் இருக்கும் 'தீல் - ஸ்மால்' எண்கள் இவர்கள் பெயரில் வந்தவைதான். போர்ட் பெட்டி எத்தனை லிட்டர், எத்தனை ஹெர்ட்ஸ் என்ற பரிந்துரையும் பெரும்பாலும் அதே தாளில் இருக்கும். ஆசாரியிடம் போகும் முன் அதைத் தேடிப் படியுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

12 இன்ச் சப்வூஃபருக்கு 50 லிட்டர், 35 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 செ.மீ உள்விட்டமுள்ள ஒரு பி.வி.சி குழாய் என்றால், சுமார் 31 செ.மீ நீளம் வேண்டும். அதே பெட்டியை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்க நினைத்தால் 45 செ.மீ தேவை. வெறும் 5 ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு 14 செ.மீ!

இந்த 50 லிட்டர் என்பது காற்றுக்கான இடம் மட்டுமே. குழாய் சுமார் 3 லிட்டரை அடைக்கும். ஸ்பீக்கரின் பின்பகுதி இன்னும் 3 லிட்டர் என்று கொண்டால், உள்ளளவு 56 லிட்டர் இருக்க வேண்டும். 55 x 35 x 29 செ.மீ சரியாக வரும்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். இந்த அளவை வெளியளவு என்று நினைத்து 18 மி.மீ எம்.டி.எஃப் பலகையை வெட்டினால், உள்ளே மிஞ்சுவது 41 லிட்டர்தான். பலகையின் கனம் 15 லிட்டரை விழுங்கிவிடும். கணக்கு மொத்தமும் தப்பிப்போகும்.

குழாயின் உள்முனைக்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும். 29 செ.மீ ஆழத்தில் 31 செ.மீ குழாய் எப்படி நிற்கும்? பக்கப்பலகையில் துளையிட்டு, பெட்டியின் 55 செ.மீ நீளவாக்கில் ஸ்பீக்கருக்குப் பின்னால் படுக்க வைக்கலாம்.

ஸ்பீக்கர் கிழிவது எப்போது?

35 ஹெர்ட்ஸுக்குச் செய்த பெட்டியில், அதற்கும் வெகுவாகக் கீழான பேஸை முழுச் சத்தத்தில் விட்டால், கூம்பைத் தாங்கிப்பிடிக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது. கூம்பு கட்டுமீறி ஆடும், காயில் அடிபடும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 'சப்சானிக் ஃபில்டரை' 35-க்குச் சற்றுக் கீழே வைப்பது இதற்காகத்தான்.

அதிக வாட்ஸ் கொடுக்கும்போது போர்ட்டில் 'புஸ் புஸ்' என்று காற்றுச் சத்தம் வந்தால் குழாய் சிறியது என்று அர்த்தம். அகலமான குழாய் போடலாம். ஆனால், அகலம் கூடினால் நீளமும் கூட வேண்டும்.

காதும் காரும் பத்திரம்

80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் வால்யூமைக் குறைத்தே வையுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்கம்பியில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். கம்பி உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

கடைசியாக ஒரு யோசனை. வெட்டிய பலகையை நீட்ட முடியாது. குழாயை மட்டும் கணக்கைவிட 2 செ.மீ கூடுதலாக வாங்கி, ஒட்டாமல் செருகிக் கேட்டுப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைக்கலாம். காது சரி என்று சொன்ன பிறகு பசை தடவினால் போதும்.