உயர்மேசை இல்லாத கல்லூரி

ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தை நாம் ஒரே நிறுவனமாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது, தமக்கெனத் தனி ஆட்சியுரிமை கொண்ட கல்லூரிகள் பலவற்றின் கூட்டமைப்பு. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். உறைவிடம் தருவதும் இளநிலை மாணவரைச் சிறுகுழுக்களாக அமர்த்திப் பயிற்றுவிப்பதும் கல்லூரிகள். ஆகவே, கல்லூரி ஒன்றில் இடம்பெறாத அறிஞர் அங்கே பாதி விருந்தினராகவே வாழ நேர்ந்தது.

பழைய கல்லூரிகள் இளநிலைக் கல்வியை மையமாகக் கொண்டு வளர்ந்தவை. முனைவர் பட்டமே அங்கு 1917ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறிவியல் துறைகள் விரைந்து விரிந்தன. ஆய்வுக்கூடங்களில் உழைத்தோர் பலர்க்குக் கல்லூரி ஆட்சியில் பங்குபெறும் உறுப்பினர் பதவி கிட்டவில்லை. இக்குறையைக் களையும் நோக்குடன் பல்கலைக்கழகம் 1965இல் இஃப்லி கல்லூரியை நிறுவியது. பெயர் கிடைத்தது, போதிய நிதியோ தக்க கட்டடமோ கிடைக்கவில்லை.

அதற்குத் தலைமையேற்க அழைக்கப்பட்டவர் மெய்யியலறிஞர் ஐசாயா பெர்லின். 1909இல் ரீகா நகரில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்தில் குடியேறியவர் அவர். அவரது முயற்சியால், 1966இல் வுல்ஃப்சன் அறக்கட்டளை கட்டடச் செலவிற்கும் ஃபோர்டு அறக்கட்டளை நிலைநிதிக்கும் பொருள் வழங்க இசைந்தன. கல்லூரியும் வுல்ஃப்சன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. செர்வெல் ஆற்றங்கரையில் எழுந்த அதன் புதிய கட்டடங்கள் 1974இல் திறக்கப்பட்டன.

இக்கல்லூரியின் தனித்தன்மையை அதன் உணவுக்கூடத்திலேயே காணலாம். பழைய கல்லூரிகளில் ஆசிரியர்க்கு உயர்ந்த மேடைமீது தனிமேசை உண்டு. மாணவர் கீழே அமர்வர். வுல்ஃப்சனில் அவ்வுயர்மேசை இல்லை. ஆசிரியரும் மாணவரும் கலந்தமர்ந்து உண்கின்றனர். அவர்கள் கூடிப் பேசும் பொது அறையும் ஒன்றே. கல்லூரியின் ஆட்சியிலும் மாணவர்க்குப் பங்குண்டு. ஆடவர்க்கெனவே இயங்கிய பழைய கல்லூரிகள் 1974இல்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின. வுல்ஃப்சனோ தொடக்கம் முதலே இருபாலர்க்கும் உரியது. மணமாகிக் குழந்தைகளுடன் வரும் ஆய்வாளர்க்குக் குடும்ப இல்லங்களும் அங்கே அமைக்கப்பட்டன.

இவற்றை வெறும் வசதிகள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இளநிலை மாணவர் அறியப்பட்டதைக் கற்கிறார். ஆய்வு மாணவரோ இதுவரை அறியப்படாததைத் தேடுகிறார். அத்தேடலில் ஆசிரியரும் அவரும் உடன்பணியாளர்கள். ஆசிரியர் கூற்றை மறுக்க வேண்டிய சூழல் எழும்போது மாணவர் அஞ்சாது பேச வேண்டும். நாள்தோறும் கீழே அமர்த்தப்படுபவர்க்கு அத்துணிவு எளிதில் வாய்க்காது.

நம் உயர்கல்வி நிலையங்களிலும் ஆய்வு மாணவர் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு நூலகமும் உதவித்தொகையும் அளிப்பது இன்றியமையாதது. அதனுடன், நம் உரையாடலில் அவர்களுக்கு எந்த இருக்கையை அளிக்கிறோம் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.