தொடாதே, திரும்பு, சொல்

நீங்கள் ஊர் திரும்பும்போது வளவு பற்றை மண்டியிருக்கும். கட்டு இடிந்த கிணறும் மூடாத பதுங்குகுழியும் இருக்கலாம். கிணற்றைச் சுற்றி வேலி அடையுங்கள். கண்ணிவெடி அகற்றிய இடத்தில் மட்டும் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிச்சென்று, எதுவரை விளையாடலாம் என்று காட்டுங்கள்.

மிதிவெடியும் வெடிக்காத குண்டும் சிறுவர் கண்ணுக்குப் பேணி போலவும் பந்து போலவும் தெரியும். "தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவரிடம் சொல்" என்று தினமும் சொல்லிக்கொடுங்கள். கல்லெறியவோ தடியால் கிண்டவோ கூடாது. மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகையைத் தாண்டக் கூடாது.

பிள்ளை வந்து சொன்னால், "ஏன் அங்கே போனாய்?" என்று ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை மறைத்துவிடும். பாராட்டுங்கள். உடனே கிராம அலுவலருக்கோ, 119இல் பொலிசாருக்கோ அறிவியுங்கள்.