வாய்ப்புண் ஏன் இப்படி எரிகிறது?

திருநீர்மலையில் மேலே இருக்கும் ரங்கநாதரைச் சேவித்துவிட்டுப் படியிறங்கி வருகிறீர்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை ஒன்றை ஆசையாகக் கடித்ததுமே ‘ஸ்ஸ்ஸ்...’ கண்ணில் தண்ணீர்! கீழுதட்டின் உள்ளே வாய்ப்புண் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வருகிறது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தால் அது ஓர் உளுத்தம்பருப்பு அளவுதான். இத்தனூண்டு புண்ணுக்கா இவ்வளவு வலி?

வாருங்கள், அந்தப் புண்ணையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

வெள்ளையாக இருப்பது சீழா?

உதட்டை மடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம். இந்த வகைப் புண்ணுக்கு மருத்துவர்கள் ‘ஆஃப்தஸ் புண்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் வெள்ளை, சீழ் இல்லை. ரத்தத்திலிருந்து வரும் ஃபைப்ரின் என்ற புரதம் அங்கே வலை பின்னி மூடியிருக்கிறது. முழங்காலில் சிராய்த்தால் காயம் காய்ந்து பொருக்குத் தட்டும் அல்லவா? வாய் எப்போதும் ஈரமாக இருப்பதால் அங்கே பொருக்குத் தட்ட வழியில்லை. இந்த மெல்லிய படலம்தான் காவல். நகத்தால் சுரண்டினால் காவல் போய்விடும்.

சுற்றியுள்ள சிவப்பு, அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதற்கு அடையாளம். அவற்றின் வழியாக வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. ரிப்பேர் வேலை நடக்கிறது என்று பொருள்.

இந்தப் புண் பெரும்பாலும் உதட்டின் உள்புறம், கன்னத்தின் உள்புறம், நாக்கின் அடி என்று மெத்தென்ற இடங்களில்தான் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான புண் என்றால் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும்.

மிளகாய் பட்டால் ஏன் துடிக்கிறோம்?

நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ‘சுடுகிறது!’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருளும் இதே புரதத்தைத் தட்டி எழுப்பிவிடும். அதனால்தான் ஆறிப்போன மிளகாய்ச் சட்னிகூட வாயில் ‘சுடுகிறது’. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவினரும் 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியன் என்ற அறிவியலாளருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

சாதாரண நேரத்தில் இந்த நரம்பு முனைகளின் மேல் தோல் மூடியிருக்கும். புண் வந்த இடத்தில் மூடி இல்லை. அது மட்டுமல்ல, புண்ணில் சுரக்கும் சில வேதிப்பொருள்கள் அந்தப் புரதத்தை மேலும் உசுப்பிவிடுகின்றன. லேசாகத் தொட்டாலே அலறும் பழுதான அழைப்பு மணி மாதிரி, வெதுவெதுப்பான ரசம் பட்டாலே நரம்பு ‘சுடுகிறது’ என்று கத்துகிறது. புளிப்பும் இதே மணியை அடிக்கும். மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள் மூன்றும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகவே காரம் பட்டு எரிகிறபோது தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நன்றாகக் கைகொடுக்கும்.

‘உடம்புச் சூடு’தான் காரணமா?

“வெயிலில் சுத்தினே இல்ல, அதான் உடம்புச் சூடு” என்று பாட்டி சொல்வார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் உடம்பின் வெப்பம் வழக்கம்போலத்தான் இருக்கும். உண்மையான காரணங்கள் பல. பேசிக்கொண்டே சாப்பிட்டுக் கன்னத்தைக் கடித்துக்கொள்வது, பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பது, கூரான பல், பல்லில் போட்ட கிளிப், தூக்கக் குறைவு, பரீட்சைக் கவலை... சில குடும்பங்களில் அப்பா, அம்மாவுக்கு அடிக்கடி வந்தால் பிள்ளைகளுக்கும் வருகிறது. இரும்புச்சத்து, ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியவை குறைந்தாலும் வரும்.

ஆனால், பாட்டி அடுத்துச் சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். “மணத்தக்காளிக் கீரை வச்சுத் தரேன், மோர் குடி” என்கிறார் அல்லவா? கீரையில் ஃபோலேட்டும் மோரில் பி12-ம் இருக்கின்றன. இந்தச் சத்துகளின் கதையில் நம் ஊர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் இந்தியாவுக்கு வந்தார். கர்ப்பிணிப் பெண்கள் ஏன் கடுமையான ரத்தசோகையால் வாடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பம்பாயில் ஆய்வு செய்தார். பிறகு நீலகிரியில் குன்னூருக்குப் போனார். 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில், இன்றும் பலர் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்லும் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றினார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு அந்த நோயைக் குணமாக்குகிறது என்று அதே ஆண்டில் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த மர்மப் பொருள் என்ன? 1941இல் அமெரிக்காவில் சுமார் நான்கு டன் கீரையை அரைத்து வடித்து ஆய்வாளர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்!

ரத்தசோகைக்கும் வாய்க்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? ரத்த அணுக்களைப் போலவே வாயின் உள்தோலும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. பழைய செல்கள் உதிர, புதிய செல்கள் வேகவேகமாகப் பிறக்க வேண்டும். அதற்கு ஃபோலேட்டும் பி12-ம் தேவை. அவை குறைந்தால் தோல் மெலிந்து, எளிதில் புண்ணாகிவிடும்.

குன்னூரில் இன்னொரு துப்பும் துலங்கியது. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணனும், வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் பி2 குறைவு காரணமாவதைப் பற்றி 1936இல் எழுதினார்கள். வாயோரம் வெடித்துப் புண்ணாவது இந்தக் குறைவின் ஓர் அடையாளம். பி2 பாலிலும் முட்டையிலும் நிறைய உண்டு. அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

ஒரு குறிப்பு: கீரையை முதலில் அலசுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் ஃபோலேட் தண்ணீரோடு போய்விடும். ரொம்ப நேரம் வேகவிட்டாலும் குறைந்துவிடும். பி12 கீரையில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும்.

எச்சில் ஒரு மருந்து

வாயில் பட்ட காயம், தோலில் பட்ட காயத்தைவிட வேகமாக ஆறும். எச்சில் அதற்கு ஒரு காரணம். அதில் கிருமிகளை எதிர்க்கும் லைசோசைம் இருக்கிறது. செல்களை வளரத் தூண்டும் புரதங்களும் இருக்கின்றன. அத்தகைய புரதம் ஒன்றை ஸ்டான்லி கோஹன் என்ற அறிவியலாளர் சுண்டெலியின் எச்சில் சுரப்பியிலிருந்துதான் பிரித்தெடுத்தார். அதைக் குட்டி எலிகளுக்குச் செலுத்தியபோது அவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கண் திறந்தன! 1986இல் அவருக்கும் சக அறிவியலாளர் ரீட்டா லெவி மோன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நிறையத் தண்ணீர் குடித்தால் வாய் வறளாது, எச்சிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

ஆறும் வரை என்ன செய்யலாம்?

• ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம்.

• தயிர்சாதம், ஆறிய இட்லி, வாழைப்பழம், இளநீர் சாப்பிடலாம். முறுக்கு, சிப்ஸ், ஊறுகாய், சுடச்சுடச் சாப்பாடு நான்கும் சில நாள் லீவில் இருக்கட்டும்.

• வலிக்கிறதே என்று பல் துலக்காமல் இருக்காதீர்கள். மிருதுவான பிரஷ்ஷால் மெல்லத் தேயுங்கள்.

• கடையில் கேட்டு வாங்கும் ஜெல்லை டாக்டர் சொல்லாமல் தடவ வேண்டாம். சிலவற்றில் இருக்கும் சாலிசிலேட் என்ற மருந்து பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் வைத்தால் தோல் வெந்துபோகலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை, திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருக்கிறது, தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை என்றால் அம்மா அப்பாவிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் வந்தால் அது வேறு. வைரஸால் வரும் ‘கை, கால், வாய் நோய்’ அது. தொற்றும் என்பதால் அந்த நாட்களில் பள்ளிக்குப் போகக் கூடாது.

கடைசியாக, பெரியவர்களுக்காக ஒரு விஷயம். வலிக்கும் புண் பெரும்பாலும் தானே ஆறிவிடும். புகையிலை, பான் மசாலா போடுகிறவர்களின் வாயில் வருகிற ஆபத்தான புண்ணோ தொடக்கத்தில் வலிக்காமலேயே இருக்கலாம். வலிக்கவில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். வாய்ப்புற்றுநோய்க்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் நம் தென்சென்னையிலேயே இருக்கிறது.

ஆகவே புண்ணின் ஆபத்தை அதன் வலியை வைத்துக் கணக்கிடாதீர்கள், எத்தனை நாளாக இருக்கிறது என்று பாருங்கள். புண் தெரிந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தால், “வலிக்கலையே” என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லி அடம்பிடியுங்கள். இந்த அடம் நல்ல அடம்!