குளிரில் அடம்பிடிக்கும் பல்சக்கரம்

குல்மார்க். சுமார் 2,650 மீட்டர் உயரம். பயணிகளை ஏற்றிக்கொண்டு பனியில் பறக்க வேண்டிய ஸ்னோமொபைல் கிளம்ப மறுக்கிறது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றுகிறது, என்ஜின் அசைவதில்லை. பனி இருக்கும் சில மாதங்களே சம்பாதிக்கும் ஓட்டுநருக்கு அன்றைய வருமானம் ஆபத்தில்.

மோட்டார் சுழலும் வேகத்தில் அதன் சிறிய பல்சக்கரம் முன்னே பாய்ந்து, என்ஜினின் பெரிய சக்கரத்தைப் பற்ற வேண்டும். தண்டில் பூசிய கிரீஸ் குளிரில் இறுகினால் அது நகராது. பேட்டரியும் குற்றவாளியாகலாம். மைனஸ் 18 டிகிரியில் அதன் வலு ஏறக்குறைய பாதிதான். மந்தமாகச் சுற்றும் மோட்டாரால் பல்சக்கரத்தைத் தள்ள முடியாது.

வைத்தியம் எளிது. முதலில் பேட்டரி: முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பிறகு தண்டைத் துடைத்து, குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. பற்கள் தேய்ந்திருந்தால் மாற்றுவதே வழி. விடாமல் பட்டனை அழுத்தினால் மோட்டாரே கருகிவிடும். அவசரத்துக்குக் கைகொடுப்பது, இழுத்துக் கிளப்பும் பழைய கயிறுதான்.