ஓட்டிசப் பிள்ளையின் தாய்க்கு ஒன்றரை மணி நேரம்

பொத்துவிலுக்கு வடக்கே உள்ள கோமாரிக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் களப்பு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி விருப்பம். கண் அசந்த நேரத்தில் வீட்டைவிட்டு இறங்கிப் போகிறவர்களும் உண்டு. அப்படியொரு பிள்ளையை வளர்க்கும் தாய் அடுப்படியில் நின்றாலும் காது வாசல் கொளுக்கியில்தான் இருக்கும். பிள்ளைக்கு இரவில் நித்திரை குழம்பினால் அவளுக்கும் விடியும்வரை நித்திரையில்லை. அவளைக் களைக்க வைப்பது வேலைப் பாரத்தைவிட இந்த ஓயாத காவல்தான்.

இது உடம்பிலேயே பதிகிறது. ஓட்டிசம் உள்ள, வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாரை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நெருக்கடி வேளையில் சுரக்கும் கோர்ட்டிசோல் ஓமோன் இவர்களிடம் மற்றத் தாய்மாரைவிடக் குறைவாக இருந்தது. கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நெடுங்காலம் நெருக்கடியில் கிடந்த உடம்பில் அது இப்படி இறங்கிவிடுவதுண்டு. போர்முனையில் நின்ற வீரர்களிடமும் இதைக் கண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டவளிடம் போய் "மனதைத் திடமாக வைத்திரு" என்று புத்தி சொல்வதில் என்ன பயன்?

2014 இல் வெளியான, அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வழி காட்டுகிறது. ஓட்டிசமோ வேறு இயலாமையோ உள்ள பிள்ளைகளின் தாய்மார் 243 பேர் அதில் சேர்ந்தார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு பகுதியினருக்கு மூச்சுப் பயிற்சியும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். மற்றவர்களுக்குக் குற்றவுணர்வையும் கவலையையும் கையாளும் பயிற்சி. இரண்டிலுமே மன அழுத்தமும் சோர்வும் குறைந்தன. நடத்தியவர்கள் வைத்தியர்கள் அல்ல, பயிற்சி பெற்ற, இதே நிலையிலுள்ள தாய்மார்தான். நிபுணரைக் காண நெடுந்தூரம் பஸ் ஏறவேண்டிய ஊருக்கு இது முக்கியமான செய்தி.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளையை யார் பார்ப்பது? "உங்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

கிழக்கில் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெண் கலியாணம் முடித்த பிறகும் தாய்வீட்டின் பக்கத்திலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். அம்மாவும் தங்கச்சியும் ஒரு வேலிக்கு அப்பால். சுனாமிக்குப் பிந்திய இடமாற்றமும் வெளிநாட்டு உழைப்பும் இந்த வளவுகளைக் கொஞ்சம் கலைத்துவிட்டன, உண்மைதான். இருக்கிறவர்களும் தயங்குவது பெரும்பாலும் பயத்தால். "கத்தத் தொடங்கினால் நான் என்ன செய்யிறது?" என்பார்கள். ஆகவே ஒருவரைத் தெரிந்தெடுத்துப் பழக்க வேண்டும். எந்தச் சத்தம் பிள்ளையைக் குழப்பும் (கோயில் ஒலிபெருக்கியா, வெடியா?), எதைக் கையில் கொடுத்தால் அடங்கும், எந்தக் கதவைப் பூட்ட வேண்டும் என்பதை அவருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். முதல் சில தடவை தாய் அடுத்த அறையில் இருந்துகொள்ளலாம். "ஏலுமென்றால் பாருங்க" என்பது உதவி கேட்பதாகாது. "சித்தி, செவ்வாய் பின்னேரம் நாலு தொடக்கம் ஐந்தரை மட்டும் நீங்க பாருங்க" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்.

தகப்பனுக்கும் இதில் பங்குண்டு. விடியப்புறம் தோணிக்குப் போகிறவர், திரும்பி வந்து ஓய்வெடுத்த பிறகு குளிப்பாட்டுவதையும் சாப்பாடு தீத்துவதையும் தன் பொறுப்பாக எடுக்கலாம். அது தாய்க்குச் செய்யும் உபகாரம் அல்ல.

இதற்குமேல், "போனைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தாள்" என்று தாயைக் குறைசொல்லும் ஊர்ப்பேச்சு வேறு. தாயைப் பழிப்பது புதிதல்ல. தாயின் பாசக்குறைவே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று 1960களில் நிபுணர்களே எழுதினார்கள். புரூனோ பெட்டல்ஹைமின் 1967 ஆம் ஆண்டு நூல் அதற்குப் பேர்போனது. ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பனான உளவியலாளர் பேர்னார்ட் ரிம்லண்ட், இது உயிரியல் சார்ந்தது என்று 1964 இலேயே வாதிட்டார். அவர் பக்கம்தான் அறிவியல் நின்றது. ஊர்வாய் இன்னும் அங்கு வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் பசியும் இல்லை, காரணமின்றி அழுகை வருகிறது, பிள்ளைக்கு அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, நானும் பிள்ளையும் இல்லாமல் போனால் நல்லது என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால், அது வெறும் களைப்பு அல்ல. கடைசி எண்ணம் ஒருமுறை வந்தாலும் தாமதிக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் மிட்வைஃப்பிடம் சொல்லலாம். கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்த நேரத்திலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.